20 கிலோ டம்பெல் செட்: ட்ரெய்னர் இல்லாமல் ஆரம்பிக்கும் பெண்ணுக்குப் போதுமா?

பிவிசி பிளேட் போட்ட 20 கிலோ ஹோம் ஜிம் செட். ஈரோட்டில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டிக்குள் 3 கிலோ பிளேட் நாலு, 2 கிலோ பிளேட் நாலு, 14 அங்குல டம்பெல் ராடு ரெண்டு, வளைந்த 3 அடி ராடு ஒன்று, மாட்டுவதற்கு நட்டுகள், இலவசமாக ஒரு ஜோடி கையுறை, ஒரு ஸ்கிப்பிங் கயிறு. பேர் சொல்லும்படியான கம்பெனி எதுவும் இல்லை. இதே செட் வேறு வேறு ஸ்டிக்கரோடு எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேலாக இதை வைத்துத்தான் பளு தூக்கிப் பழகுகிறேன். வயது 44. ட்ரெய்னர் வைத்துக்கொள்ளவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் பெட்டியில் வருகிறபடியே வைத்துக்கொண்டு பழகினால் மூன்றாவது மாதம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நிறையப் பேர் வீட்டில் அப்படித்தான் கிடக்கிறது. "எனக்கு இதெல்லாம் வராது" என்று அவர்கள் தங்களையே குறை சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குறை பெரும்பாலும் செட்டில்தான் இருக்கிறது, அதைச் சரி செய்யப் பெரிய செலவும் ஆகாது.

வீட்டில் பழகலாம் என்று முடிவெடுத்ததற்குக் காரணம் நேரம். நான் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நான் விசாரித்த ஜிம்மில் பெண்களுக்கான நேரம் முற்பகல். மண்டியில் ஏலம் மும்முரமாக நடக்கிற நேரமும் அதுதான். தனி ட்ரெய்னருக்கு அவர்கள் சொன்ன தொகை, மாதக் கட்டணத்தைப் போல மூன்று மடங்கு. சரி, முதலில் நாமே பார்ப்போம் என்று கடைக்குப் போனேன்.

கணக்கு எழுதுகிறவளுக்கு அச்சடித்த எடையை நம்புகிற பழக்கம் வராது. கடைப்பையன் செட்டை மண்டியிலேயே கொண்டுவந்து இறக்கினான். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் ஒவ்வொரு பிளேட்டையும் எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். 2 கிலோ பிளேட்டுகள் ஏறக்குறைய சரியாக இருந்தன. 3 கிலோவில் மூன்று, 2.9 பக்கம் வந்தன. ஒன்று மட்டும் 2.7. பிவிசி பிளேட் என்பது பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் கலவை அடைத்தது. வார்ப்பிரும்பு மாதிரி துல்லியமாக வராது. ஒரே டம்பெல்லின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் 200 கிராம் வித்தியாசம் இருந்தால் தலைக்கு மேலே தூக்கும்போது மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது. அதனால் எடை ஒத்துப்போகிற பிளேட்டுகளை ஜோடி சேர்த்து மார்க்கரில் எழுதி வைத்துவிட்டேன். உங்களிடம் எடை மெஷின் இல்லாவிட்டால் சூட்கேஸ் எடை பார்க்கிற தொங்கு தராசு போதும்.

அப்புறம் ராடு. 20 கிலோ என்று பெட்டியில் போட்டிருப்பது பிளேட்டுக்கு மட்டும். சின்ன ராடு நட்டோடு சேர்த்து ஒன்று 1.5 கிலோ இருந்தது. "நான் 4 கிலோ தூக்குகிறேன்" என்று நினைத்துக்கொண்டிருக்கிற பெண் உண்மையில் 5.5 கிலோ தூக்குகிறாள். ஆரம்பத்தில் இது பெரிய வித்தியாசம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ராடின் ரெண்டு பக்கமும் ஒரே எடை போட வேண்டும். எனவே இந்த செட்டில் ரெண்டு டம்பெல்லையும் ஒரே மாதிரி மாட்டினால் கிடைக்கிற எடைகள் மூன்றுதான். 2 கிலோ பிளேட் போட்டால் 5.5. 3 கிலோ பிளேட் போட்டால் 7.5. ரெண்டையும் போட்டால் 11.5. நடுவில் ஒன்றும் கிடையாது.

பளு தூக்குவதில் முன்னேற்றம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டுவது. ஓர் எடையை நடுவில் நிறுத்தாமல் எட்டு முறை தூக்க முடிந்தால் அதில் ஆரம்பிப்பது. (நிறுத்தாமல் தூக்குகிற அந்த ஒரு சுற்றுக்கும் 'செட்' என்றுதான் பேர்.) வாரம் போகப்போக அதையே பன்னிரண்டு முறை தூக்குவது. மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் எடையைக் கூட்டி மறுபடி எட்டுக்கு வருவது. ட்ரெய்னர் சொல்லிக்கொடுப்பதும் பெரும்பாலும் இதைத்தான். எண்ணத் தெரிந்த யாரும் செய்யலாம். ஆனால் கூட்டுகிற எடை சின்னதாக இருந்தால்தான் இது நடக்கும். தோளுக்கு மேலே தூக்குகிற பிரஸ்ஸில் 7.5 கிலோவைப் பன்னிரண்டு முறை தூக்கிவிட்டேன். அடுத்த படி 11.5. பாதிக்கு மேல் கூடுகிறது! அதைத் தோளுக்குக் கொண்டுவரவே முடியவில்லை. 20 கிலோவைத் தூக்குகிற ஓர் ஆணுக்கு அதே 4 கிலோ ஐந்தில் ஒரு பங்குதான். தயாரிக்கிறவர்கள் யாரை மனதில் வைத்து இந்த பிளேட்டுகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. பெண்கள் தோள், கை, மார்புக்கான பயிற்சிகளைப் பாதியில் விடுவதற்கு இந்த இடைவெளி ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஜிம்மிலும் இதே கதைதான். நிறைய இடங்களில் டம்பெல் 5, 7.5, 10 என்றுதான் வரிசையாக நிற்கிறது.

இதற்கு நான் செய்தது: தனியாக 1 கிலோ பிளேட் நாலு வாங்கினேன். துளை அளவு ஒத்துப்போகிறதா என்று ராடையே கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இந்த நாலு பிளேட் வந்ததும் எடைகள் 3.5, 5.5, 7.5, 9.5, 11.5, 13.5 என்று படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டன. அதற்கும் நடுவில் வேண்டுமென்றால் மணிக்கட்டில் கட்டுகிற அரைக்கிலோ மணல் பட்டை ஒரு ஜோடி. கையில் கட்டிக்கொண்டு தூக்கினால் ஒவ்வொரு கைக்கும் அரைக்கிலோ கூடுகிறது. 7.5-லிருந்து 8, அப்புறம் 9.5, அப்புறம் 10. ஒரு பருவம் முழுக்க அசையாமல் நின்ற என் பிரஸ் அப்படித்தான் நகர்ந்தது. இந்தச் சின்ன பிளேட்டுகளையும் பட்டையையும் செட்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கடைக்காரர் இவற்றை எடுத்துக் காட்ட மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். அவர் எடுத்துக் காட்டியது புரோட்டீன் பவுடர் டப்பாவை. நான் அதை வாங்கவில்லை. முட்டை, சுண்டல், தயிரைக் கூட்டிக்கொண்டேன்.

வாரம் ரெண்டு நாள் பழகுகிறேன். பெரியவர்கள் வாரத்தில் ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எனக்கு அதற்கு மேல் நேரமும் இல்லை. செய்வது ஐந்தே அசைவுகள்: உட்கார்ந்து எழுவது, இடுப்பில் குனிந்து எழுவது, டம்பெல்லை உடம்பை நோக்கி இழுப்பது, தலைக்கு மேலே தள்ளுவது, தரையில் படுத்து மேலே தள்ளுவது. ஒவ்வொன்றும் மூன்று செட், நடுவில் ரெண்டு நிமிஷம் ஓய்வு. இன்னும் ரெண்டு முறை தூக்க முடியும் என்கிற இடத்தில் நிறுத்திவிடுகிறேன். தனியாகப் பழகுகிறவர் ஒவ்வொரு செட்டிலும் முடியாமல் போகிற வரைக்கும் போக வேண்டிய அவசியம் இல்லை.

இதில் ட்ரெய்னர் இல்லாதது உறுத்துகிற ஒரே இடம், குனிந்து எழுகிற ருமேனியன் டெட்லிஃப்ட். இதைத் தப்பாகச் செய்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். சரியாகச் செய்தால் நாற்பது வயதுக்கு மேல் இதைவிடப் பிரயோஜனமான அசைவு வேறு இல்லை என்று சொல்வேன். ஆரம்பத்தில் எடையே வேண்டாம். ஒட்டடைக் குச்சியின் கம்பை முதுகோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு. முழங்காலை லேசாக மடக்கி, பின்புறத்தால் பின்னால் இருக்கிற சுவரைத் தொடப்போவதுபோல் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனியுங்கள். மூன்றில் ஓர் இடம் விட்டுப்போனாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கிறதா, அங்கேயே நின்று எழுந்துவிடுங்கள். தரையைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று தொடலும் விடாமல் பத்து முறை வந்த பிறகுதான் கையில் டம்பெல். பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்துப் பார்ப்பது ரொம்ப உதவும். என் மகள்தான் எடுப்பாள். "அம்மா, கழுத்தைத் தூக்காத, கண்ணாடியைப் பாக்காத" என்று அவள் சொல்லித்தான் தலையையும் முதுகோடு ஒரே நேர்கோட்டில் வைக்கப் பழகினேன்.

இன்னொரு பாடம் மண்டியிலேயே கிடைத்தது. டம்பெல்லைத் தொடையிலிருந்து தள்ளிப் பிடித்தால் ஏன் இடுப்பு கடுக்கிறது என்று மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "ஒடம்போட ஒட்டித் தூக்கோணுங்க்கா. மூட்ட ஒரு சாண் தள்ளிப் போச்சுன்னா, அம்பது கிலோ நூறு கிலோவாட்டம் இழுக்கும்" என்றார். நெம்புகோல் கணக்கை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து டம்பெல் தொடையை உரசிக்கொண்டே இறங்கி, உரசிக்கொண்டே ஏறுகிறது.

மார்புக்குப் பெஞ்ச் வாங்க வேண்டியதில்லை. தரையில் படுத்துச் செய்கிற ஃப்ளோர் பிரஸ் போதும், தனியாகப் பழகுகிறவருக்கு அதுதான் பாதுகாப்பும்கூட. முழங்கை தரையில் முட்டி நின்றுவிடுவதால் டம்பெல் மார்பு மேல் வந்து உட்காராது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் இது பெரிய நிம்மதி. செட் முடிந்தால் கையைப் பக்கவாட்டில் இறக்கி வைத்துவிடலாம்.

அந்த 3 அடி வளைந்த ராடு எனக்கு அதிகம் பயன்படவில்லை. கை மடக்கும் கர்லுக்காக வளைத்தது அது. தரையிலிருந்து டெட்லிஃப்ட் செய்யவும் ஒத்துவராது, ஏனென்றால் போட்டிகளில் பயன்படுத்துகிற பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். கம்பி தரையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு சாண் உயரத்தில், முழங்காலுக்குக் கீழே இருக்கும். இந்தச் சின்ன பிளேட்டைப் போட்டுத் தரையிலிருந்து எடுத்தால் கணுக்கால் வரை குனிய வேண்டியிருக்கிறது, முதுகு தானாக வளைகிறது. தரையிலிருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ரெண்டு பக்கமும் மரப்பலகை அடுக்கி உயர்த்துங்கள். பிடியும் பெண் கைக்குத் தடிமன். சர்வதேசப் போட்டிகளில் பெண்களுக்கென்று தனிக் கம்பி உண்டு: எடை 15 கிலோ, பிடி 25 மில்லிமீட்டர். ஆண்களுக்கு 20 கிலோ, 28 மில்லிமீட்டர். கை அளவு வேறு என்று அங்கே ஒப்புக்கொண்டு செய்திருக்கிறார்கள். இந்த செட்டோடு வருகிற கையுறையோ என் கையில் நிற்கவே இல்லை. வெறுங்கையோடுதான் தூக்குகிறேன்.

நட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மறையில் முறுக்குகிற நட்சத்திர நட்டு இது. தலைக்கு மேலே தள்ளும்போது கை லேசாகச் சுழலும், அந்தச் சுழற்சியில் நட்டு நூல் நூலாகத் தளர்கிறது. ஒவ்வொரு செட்டுக்கு முன்னாலும் ரெண்டு பக்கமும் இறுக்கிப் பாருங்கள். உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்றும் வாங்கும்போதே பாருங்கள். அது இல்லாத நட்டு நிற்காது. முக்கியமாக, டம்பெல்லை நிமிர்த்தி நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழும்போது கீழ்ப்பக்க பிளேட் முழுக்க அந்த ஒரு நட்டில்தான் தொங்குகிறது. கீழே உங்கள் பாதம். பிவிசி பிளேட் தடிமனாக இருப்பதால், ஒரு பக்கத்துக்கு மூன்று பிளேட் போட்டாலே நட்டுக்குக் கொஞ்சம் மறைதான் மிச்சம். அதற்கு மேல் போடாதீர்கள்.

உடையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நைட்டியோடு குனிந்து எழ முடியாது, டம்பெல் துணியில் மாட்டும். சுடிதார் பேன்ட், காட்டன் டி-ஷர்ட் போதும். வளையலைக் கழற்றிவிடுங்கள், மணிக்கட்டை மடக்கும்போது அழுத்தும். தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். காலில் ஒன்றும் வேண்டாம். ஓடுவதற்கான ஷூவின் மெத்தென்ற அடியில் நின்று எடை தூக்கினால் ஆட்டம்தான் வரும். தரைக்கு மட்டும் ரப்பர் மேட் போடுங்கள். டைல்ஸ் தப்பிக்கும், கீழ்வீட்டுக்காரரும் படியேறி வர மாட்டார்.

இந்த செட்டின் உண்மையான எல்லை கால்கள். கைக்கும் தோளுக்கும் இது ஒரு வருஷத்துக்கு மேல் வரும். காலுக்குச் சில மாதம்தான். பெண்களின் தொடையும் பின்புறமும் வலுவானவை, அங்கே எடை சீக்கிரம் ஏறும். நம் வீடுகளில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பது யார்? முழு கேஸ் சிலிண்டர் 30 கிலோவை ஒட்டி இருக்கும், அதை நகர்த்துவது யார்? அந்தக் காலுக்கு 13.5 கிலோ டம்பெல் சீக்கிரமே லேசாகிவிடும். அப்போது ஒற்றைக்கால் பயிற்சிக்கு மாறுங்கள். பின்காலைக் குட்டி ஸ்டூலில் வைத்து முன்காலில் மட்டும் உட்கார்ந்து எழுகிற ஸ்ப்ளிட் ஸ்குவாட்டில் அதே டம்பெல் மறுபடி கனமாகிவிடும். இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள், இன்னும் கனக்கும்.

உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் அக்கறையில்தான் சொன்னார்கள். அவர்களுக்கு நான் மீராபாய் சானுவைக் காட்டுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ எடைப்பிரிவில் வெள்ளி வாங்கியபோது ரெண்டு தூக்கலும் சேர்த்து அவர் தூக்கியது 202 கிலோ. 2000-இல் சிட்னியில் பெண்கள் பளுதூக்குதல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோதே கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். அத்தனை கிலோ தூக்கியபோதும் சானுவின் உடல் எடை 49 கிலோவைத் தாண்டவில்லை. ஆண்களுக்கு அப்படித் தசை ஏறுவதற்குக் காரணமான டெஸ்டோஸ்டீரோன் நம் உடம்பில் மிகக் குறைவு. வாரம் ரெண்டு நாள் டம்பெல் தூக்கியதில் எனக்கு மாறியது மாடிப்படி ஏறுவதும் முழங்காலும்தான். கணக்குப் பலகையிலிருந்து இப்போது கை ஊன்றாமல் எழுகிறேன்.

அதே சமயம், அவர்கள் செய்கிற ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் ரெண்டையும் வீடியோ பார்த்துப் பழகாதீர்கள். வேகத்தோடு எடை தலைக்கு மேல் போகிற அசைவுகள் அவை, கட்டாயம் கோச் வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், பிரசவம் ஆகிச் சில மாதமே ஆனவர்கள், அடி (கர்ப்பப்பை) இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்கள், எலும்பு தேய்மானம் உள்ளவர்கள், இவர்களெல்லாம் இந்த செட்டை வாங்குவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். எலும்பு பலவீனமான, மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் கனமான எடை தூக்க வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. என் அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், அந்தச் செய்தி எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று சொல்லி மாளாது. ஆனால் அவர்கள் நிபுணர்களின் கண்காணிப்பில் தூக்கினார்கள். நம் வீட்டு ஹாலோடு அதை ஒப்பிட முடியாது.

தசை வலிக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் படி இறங்கவே கஷ்டமாக இருக்கும். அது போய்விடும். மூட்டுக்குள் ஊசி குத்துவதுபோல் வலித்தால் மட்டும் அந்த அசைவை அன்றைக்கே நிறுத்துங்கள்.

கூடுதல் பிளேட், மணல் பட்டை, ரப்பர் மேட் எல்லாம் சேர்த்து எனக்கு நாலாயிரத்துக்குள் முடிந்தது. கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் பிவிசியை விட்டுவிட்டு ரப்பர் பூசிய இரும்பு பிளேட்டாக வாங்குங்கள். கிலோ கணக்கில் விலை போடுவார்கள், வேண்டிய எடையை வேண்டிய எண்ணிக்கையில் பொறுக்கிக்கொள்ளலாம். தடிமனும் குறைவு, ராடில் இடம் மிஞ்சும். முதல் தடவையே 1 கிலோ நாலு, 2 கிலோ நாலு, 3 கிலோ நாலு என்று கேளுங்கள். "சின்னது எதுக்கு மேடம், நாலு நாள்ல பத்தாமப் போயிரும்" என்று கடைக்காரர் சொல்வார். சொல்லட்டும், 1 கிலோவை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நான் அடுத்து வாங்கப்போவது காலுக்காக 5 கிலோ ரப்பர் பிளேட் ஒரு ஜோடியும், நேரான 4 அடி ராடு ஒன்றும். போனஸ் வந்ததும் வாங்கிவிடுவேன்.